பெயர் சொல்லிக் கேளுங்கள்



அமெரிக்காவில் பேஸ்போல் ரசிகர்களிடம் பல காலமாக ஒரு பழக்கம் இருக்கிறது. பிடித்த வீரரின் படம் போட்ட அட்டையை ஒரு கடித உறையில் வைத்து, அவரது அணியின் மைதான முகவரிக்குத் தபாலில் அனுப்புவார்கள். கூடவே ஒரு சிறு கடிதமும், தங்கள் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய இன்னொரு உறையும் இருக்கும். வீரர் அட்டையில் கையொப்பம் வைத்து அந்த உறையில் போட்டால் போதும். அவருக்கு ஒரு சதமும் செலவில்லை.

கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவரிடம் ஒன்றை எப்படிக் கேட்பது என்ற பாடம் இதற்குள் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதை நாம் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் முறையைப் பாருங்கள். கடிதம் கையால் எழுதியதாக, ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அவரது ஆட்டத்தில் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு அட்டைதான் வைக்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் நடக்கும். போட்டிப் பருவம் தொடங்க முன் வரும் அந்த நாட்களைப் பார்த்துப் பலர் அனுப்புவார்கள். பதில் சில கிழமைகளில் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். கையொப்பம் தருவதும் தராததும் அவர் உரிமை.

இதற்குள் காசு நுழைந்ததும்தான் சிக்கல் வந்தது. மிக்கி மென்டில் என்ற வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. அட்டைக்கு இப்படி விலை இருக்கும்போது கையொப்பத்துக்கும் சந்தை இருக்கும்தானே. 1990களின் கடைசியில் எப்.பி.ஐ. நடத்திய ‘ஒப்பரேஷன் புல்பென்’ விசாரணையில் போலிக் கையொப்பங்கள் குவியல் குவியலாகப் பிடிபட்டன. அன்னை தெரேசாவின் கையொப்பம் என்று பேஸ்போல் பந்துகூடத் தயாரித்திருந்தார்கள். அதன் பிறகு 2001இல் பெரிய லீக் நிர்வாகம் தனியான அத்தாட்சி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. வீரர் கையொப்பம் வைப்பதைச் சாட்சி ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் விதி.

தபாலில் வரும் கையொப்பத்துக்கு அப்படிச் சாட்சி இல்லை. கேட்பவர் வைத்துக்கொள்ளக் கேட்கிறாரா, விற்கக் கேட்கிறாரா என்பதும் வீரருக்குத் தெரியாது. இதற்குச் சில வீரர்கள் எளிய வழி ஒன்றைக் கையாள்கிறார்கள். கையொப்பத்தோடு கேட்டவரின் பெயரையும் எழுதிவிடுவார்கள். அப்படிப் பெயர் எழுதிய அட்டைக்குச் சந்தையில் பெரும்பாலும் விலை குறைவு. வியாபாரிக்கு அது நட்டம். ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளைக்கோ அதுதான் பெரிய சந்தோசம். கேட்டவரின் நிய்யத் அந்த ஒரு பெயரில் தெரிந்துவிடுகிறது.

விற்பது ஹராமா என்று சிலர் கேட்கலாம். வியாபாரத்தை நாம் குறை சொல்லவில்லை. உங்கள் ரசிகன் என்று எழுதி இலவசமாக வாங்கி, மறுநாளே ஏலத்தில் போடுவதைத்தான் பிழை என்கிறோம். அது பொய் சொல்லி வாங்குவது.

கொடுப்பவருக்கும் ஒரு அதபு இருக்கிறது. 573 ஹோம் ரன் அடித்த ஹாமன் கில்லப்ரூ, தன் பழைய அணியான மினசோட்டா ட்வின்ஸின் இளம் வீரர்களிடம் வற்புறுத்திய விடயம் ஒன்றுதான்: வாங்குபவர் வாசிக்கக் கூடியதாகப் பெயரை எழுதுங்கள். கிறுக்கிவிட்டுப் போவதை அவர் விரும்பவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். சாதாரண தரப் பரீட்சைக்காக நம் பிள்ளைகள் எத்தனையோ கடிதம் எழுதுகிறார்கள். எல்லாம் இல்லாத முகவரிக்கு, இல்லாத ஆளுக்கு. புள்ளி கிடைக்கும், பதில் கிடைக்காது. அதே பிள்ளை உண்மையில் ஒருவரிடம் உதவி கேட்க வேண்டி வந்தால், வட்ஸ்அப்பில் ‘ஹாய் சேர்’ என்று போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கோபப்படுகிறது. தான் யார், எதற்காகக் கேட்கிறோம், அவருக்கு இதில் என்ன சிரமம் என்று யோசித்துக் கேட்க நாம் பழக்கவில்லை.

ஆகவே பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையான ஒருவருக்கு ஒரு கடிதமாவது எழுதட்டும். அது ஒரு கிரிக்கெட் வீரராக இருக்கலாம், எழுத்தாளராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் பதில் உறையில் நம் நாட்டு முத்திரை செல்லாது. அதனால் முதலில் நாட்டுக்குள்ளேயே தொடங்குவோம். கையொப்பம் கேட்பதானால், தன் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கட்டும்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு உறை, இரண்டு முத்திரை. இவ்வளவுதான் செலவு. உங்கள் வகுப்பில் செய்ய விருப்பமானவர்கள் கீழே சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து தொடங்குவோம்.