உராய்வு

நாவடக்கம்னு பேச்சு வந்தாலே குறள் 129 ஞாபகம் வரும். சர்ச்சில் வளர்ந்தவங்களுக்குக் கூடவே யாக்கோபு நிருபம் 3ஆம் அதிகாரமும் வரும். நாக்கு ஒரு நெருப்பு, சின்னப் பொறி பெரிய காட்டையே அழிச்சிரும்ங்கற உவமை. சிவகாசி, சாத்தூர் பக்கம் இந்த அதிகாரத்தை எடுத்தா ஐயருக்குப் பாதி வேலை மிச்சம் (எங்க பக்கம் சிஎஸ்ஐ பாதிரியாரை ஐயர்னுதான் கூப்பிடுவோம், குழம்பிடாதீங்க). நெருப்புன்னா என்னன்னு அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனா வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பட்டாசு ஆலையில விபத்துன்னா எவனோ பீடி பத்த வெச்சிருப்பான்னு நினைக்கிறாங்க. பேப்பரை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் 'உராய்வு'ன்னுதான் போட்டிருக்கும். மருந்துக்குத் தீக்குச்சி வேண்டியதில்லை, ஒரு தேய்ப்பு போதும். அதனாலதான் மருந்து அறையில இரும்புச் சாமான் ஆகாது, செருப்பு ஆகாது, நைலான் துணி ஆகாது. ஒரு அறைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு. கலந்த மருந்தை மறுநாளைக்கு வெச்சுட்டுப் போகக்கூடாது.

பேச்சுல நாம பயப்படுறது தீக்குச்சிக்கு மட்டும்தான். கெட்ட வார்த்தை, கோபம், சண்டை. இதெல்லாம் இல்லைன்னா நாக்கு சுத்தம்னு ஒரு நினைப்பு. நான் அப்படி நினைக்கலை. பெரிய காயங்கள் பல, நிதானமான ஆளுங்க நிதானமா சொன்னதுல வந்தவை.

கால்டுவெல்லை எடுத்துக்கங்க. 1838ல் சென்னைக்கு வந்து, 1841லிருந்து இடையன்குடியில வாழ்ந்து, 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதின அதே கால்டுவெல். 1849ல் திருநெல்வேலிச் சாணார்களைப் பத்தி ஆங்கிலத்துல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுல ஒரு வசவு கிடையாது. ஆனா தான் கூடவே வாழ்ந்த, தன் சபையில உட்கார்ந்திருந்த மக்களோட அறிவையும் பழக்கவழக்கத்தையும் ரொம்பத் தாழ்வா எடைபோட்டு எழுதினார். கோபத்துல எழுதலை. இங்கிலாந்துல மிஷனுக்குக் காசு கொடுக்கிறவங்க படிக்கட்டும்னு எழுதினது. இடையன்குடிக்காரன் ஆங்கிலம் படிச்சு இதைப் பார்ப்பான்னு யோசிச்சிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததே மிஷன் பள்ளிக்கூடங்கள்தான் :-)

படிச்சாங்க. கொதிச்சாங்க. 1857ல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துல சட்டம்பிள்ளை தனிச்சபை கண்டார். அதுக்குப் பின்னால இருந்த கசப்புகளில் இந்தப் புத்தகமும் ஒண்ணு. 1880கள்ல மனு மேல மனு, இங்கிலாந்து வரைக்கும் போச்சு. முன்னால நின்னவங்கள்ல கிறிஸ்தவங்களே இருந்தாங்க. கடைசியில புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதாச்சு. 1921 குடிமதிப்புல அரசாங்கம் பழைய பேரை விட்டுட்டு 'நாடார்'னு எழுத ஆரம்பிச்சது. ஒரு சொல்லை மாத்த விருதுநகர், சிவகாசி வியாபாரிகளும் சேர்ந்து எத்தனை வருஷம் பாடுபட்டிருக்காங்கன்னு யோசிங்க.

கால்டுவெல்லைக் குறை சொன்னா ஒப்பிலக்கணத்தையே குறை சொன்ன மாதிரின்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. ரெண்டும் அவர் எழுதினதுதான். நல்லவர், உழைப்பாளி, அதே சமயம் அந்தப் புத்தகம் அன்பில்லாதது. இதுல எனக்கு முரண்பாடு தெரியலை.

இன்னொண்ணு. யாக்கோபு 3 ஆரம்பிக்கிறதே போதகர்களை எச்சரிச்சுத்தான். போதிக்கிறவங்களுக்குத் தீர்ப்பு கடுமையா இருக்கும்னு சொல்லிட்டுத்தான் நாக்குக்கே வர்றார். நம்ம சபைகள்ல அந்த முதல் வசனத்தைத் தாண்டிக் குதிச்சு, பெண்கள் ஐக்கியத்துக்குப் புறணி பேசாதீங்கன்னு புத்தி சொல்ல மட்டும் இந்த அதிகாரத்தை வெச்சிருக்காங்க. மைக் பிடிக்கிற ஆள் தப்பிச்சிடறார்.

மைக் பிடிக்கிறவங்க சொல்றதுல என்னால தாங்கவே முடியாதது, சாவு வீட்டுல 'கர்த்தருடைய சித்தம்'. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 30க்கும் மேல செத்தாங்க. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 20க்கும் மேல. இந்த மாதிரி சாவுக்குச் சித்தம்னு பேர் வெச்சா, ஒரு அறையில எத்தனை பேரை உட்கார வெச்சாங்க, யார் லைசென்ஸ், யார் உள்குத்தகைங்கற கேள்வியெல்லாம் அதோட அடங்கிப் போகும். கேட்க மென்மையாத்தான் இருக்கும்.

யோபுவோட சிநேகிதர்கள் மூணு பேரும் முதல் ஏழு நாள் வாயே திறக்காம அவன் கூடத் தரையில உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். எட்டாம் நாள்தான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க. நம்ம ஆட்கள் அடக்கம் முடியறதுக்குள்ளயே ஆரம்பிச்சிடறாங்க. அதுக்குப் பதிலா நஷ்டஈட்டு மனுவை எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீசுக்கு அந்த அக்கா கூடப் போய் வரிசையில நிக்கிற ஆளை எனக்குத் தெரியும். அவர் சபையில சாட்சி சொல்லிக்கூட நான் பார்த்ததில்லை.