ஒட்டிப் பிறந்த பால் பற்கள்: ‘விழப்போற பல்லுதானே’ என்று விட்டுவிடலாமா?

குழந்தையின் கீழ் வரிசையில் ஒரு முன்பல் மட்டும் அகலமாகத் தெரிகிறது. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. உற்றுப் பார்த்தால், ரெண்டு பல் ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் காட்டினால் பெரும்பாலும் வரும் பதில்: “பால் பல்லுதானே, விழுந்து புதுசு முளைக்கும்.”

அந்தப் பதிலில்தான் சிக்கல். சில குழந்தைகளுக்குப் புதுப் பல் முளைப்பதே இல்லை.

ஏன் ஒட்டுகிறது?

பல் உருவாகும் கட்டத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பல் மொட்டுகள் இணைந்துவிடுகின்றன. கீழ்த்தாடையின் முன்பகுதியில்தான் இது அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணினாலே போதும். 3 வயதுக்குள் ஒரு தாடைக்கு 10 வீதம் 20 பால் பற்கள் முளைத்துவிடும். ஒட்டிய பல்லை ஒன்றாகக் கணக்கிட்டு 9 வந்தால், பெரும்பாலும் இரண்டு பற்கள் இணைந்திருக்கின்றன. 10 வந்தால், ஒரே மொட்டு இரண்டாகப் பிரியப் பார்த்துப் பாதியில் நின்றிருக்கலாம்.

என்ன ஆபத்து?

நடுக்கோட்டில் உணவு தங்கி, சொத்தை சீக்கிரம் வரும். பல் விழவும் தாமதமாகலாம். அடியில் நிரந்தரப் பல் ஒன்று இல்லாமலே போகலாம். அதனால் பிடுங்க அவசரப்படக் கூடாது. கோட்டை மருத்துவர் சீலன்ட் வைத்து அடைத்தால் சொத்தையைத் தடுக்கலாம். 5, 6 வயதில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால், நிரந்தரப் பல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் திட்டமிடலாம்.

திருவேங்கடத்தில் என்ன செய்யலாம்?

தீப்பெட்டி ஆலைக்கோ காட்டு வேலைக்கோ போகும் பெற்றோர், வலிக்காத ஒரு பல்லுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்கோ தென்காசிக்கோ பஸ் ஏறுவார்களா? அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பரிசோதனைதான் ஊருக்குள் வர வேண்டும்.

அதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அதன் பட்டியலில் பற்சொத்தை இருக்கிறது. ஒட்டிய பல் தனியாக இல்லை. சொத்தை பார்க்க வாயைத் திறக்கச் சொல்லும்போதே பல்லையும் எண்ணி, குழந்தையின் அட்டையில் குறித்துவிடலாம். தனிச் செலவு கிடையாது. அரை நிமிட வேலை.

அடுத்த முறை குழு வரும்போது பெற்றோரும் கேட்கலாம்: “டாக்டர், பல்லை ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.”