கப்பலுக்குக் கணக்கு உண்டு, மாலுமிக்கு இல்லையா?

கப்பல் முதலாளிகள் விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிறார்கள். எந்தக் கப்பல், எந்தச் சரக்குடன், எந்தத் துறைமுகத்துக்கு, என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதைக் கணிதமே முடிவு செய்கிறதாம்! அதை மாலுமிகள் எதிர்ப்பது மடமையாம்! இந்த வாதத்தின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

நமக்குக் கணிதத்தின் மீது விரோதம் இல்லை. சோவியத் நாட்டில், லெனின்கிராடில், ஒட்டுப்பலகை உற்பத்தி யந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் பிரச்னையை ஆராய்ந்த கணித நிபுணர் கன்டரோவிச், இருப்பதைக் கொண்டு அதிகபட்சப் பலன் பெறும் முறையை 1939-ல் வெளியிட்டார். அங்கேயே அது நெடுநாள் புறக்கணிக்கப்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. 1965-ல்தான் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது. யுத்தகாலத்தில், 1942 முதல், வாஷிங்டனில் பிரிட்டிஷ் கப்பல் நிர்வாகத்தில் பணியாற்றிய கூப்மன்ஸ், சரக்கிறக்கிய கப்பல்கள் வெறுமையாகத் திரும்பும் ஓட்டத்தைக் குறைக்க இதே வகைக் கணக்கைத் தனியே வகுத்தார். 1975-ல் பொருளாதார நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது.

இந்தக் கணக்கில் இரண்டு கேள்விகளுக்கு மனிதன் பதில் எழுதித் தர வேண்டும். எதைக் குறைப்பது? எதை மீறக் கூடாது? மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும்.

முதல் கேள்விக்கு முதலாளியின் பதில், ‘செலவு’. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அன்றாட எண்ணெய்ச் செலவு ஏறத்தாழப் பாதியாகிறது. நல்லது, புகையும் குறையும். ஆனால் நான்கு நாள் பயணம் ஐந்து நாளாகிறது. அந்த ஐந்தாவது நாளைக் கடலில் கழிப்பவன் யார்? எண்ணெய் மிச்சத்தில் அவனுக்கு என்ன பங்கு?

இரண்டாவது கேள்வியில்தான் வர்க்கப் போராட்டம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் வகுத்த எல்லை. எந்தச் சமன்பாடும் கருணை கொண்டு இதைத் தரவில்லை. சங்கம் போராடியது, எல்லை கணக்கில் ஏறியது!

சங்கத்தின் கை தளர்ந்தால் என்ன நடக்கும்? 2020-ல் பார்த்தோம். கொரோனாவைக் காட்டிச் சர்க்கார்கள் கதவுகளை அடைத்தன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே சிக்கினர். சிலர் 17 மாதங்களுக்கும் மேலாக! அந்த வேளையிலும், தம் சரக்கு ஏறியிருக்கும் வரை மாலுமிகளை மாற்றக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஷரத்து போட்ட பெருவியாபாரிகள் இருந்தனர். அந்த ஷரத்தைக் கைவிடுமாறு சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்தின் தலைவரே டிசம்பரில் கேட்க நேர்ந்தது. கப்பலைச் சற்றுத் திருப்பினால் செலவாம். மனிதனை அடைத்து வைத்தால் செலவே இல்லையாம்! இதுவா விஞ்ஞானம்? இது லாபவேட்டை!

ஆலைத் தோழர்களே! ஒரு ஆளுக்கு எத்தனை தறி என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவர்களை நீங்கள் அறிவீர்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! களத்துமேட்டில் கூலி நெல்லை அளந்த மரக்கால் யார் கையில் இருந்தது என்பதை உங்கள் குடும்பங்கள் மறக்கவில்லை. அதே மரக்கால்தான் இன்று கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறது.

மரக்காலை உடைக்கச் சொல்லவில்லை. அளப்பதை நாமும் பார்க்க வேண்டும் என்கிறோம். மாலுமியின் ஓய்வும், ஒப்பந்தம் முடிந்த நாளில் அவன் வீடு திரும்புவதும் மீற முடியாத நிபந்தனைகளாகக் கணக்கில் ஏறட்டும். பயண அட்டவணை தயாராகும் இடத்தில் சங்கத்துக்கு நாற்காலி போடட்டும். அதன்பின் கணிதம் எங்களுக்கும் தோழனே!