மீச்சிற்றளவும் லீஸ்ட் கவுன்ட்டும்

'இம்மியும் பிசகாமல்' என்று பேச்சில் வழங்குகிறோம். இம்மி வெறும் உவமையன்று. பழந்தமிழ்க் கணக்கில் அது ஒரு பின்னம். 320இல் ஒரு பங்கு முந்திரி. அதனையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. இம்மி அதனினும் நுண்ணியது. நுண்ணளவு தமிழுக்குப் புதிதன்று.

இன்று ஓசூருக்குச் செல்வோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரிய ஆலைகளும், உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் அங்குப் பெருகின. கைக்கடிகாரப் பற்சக்கரத்தின் அச்சு மயிரிழைக்கும் குறைந்த பிழையைக்கூடப் பொறுக்காது. அங்கே பயிற்சிக்குச் செல்லும் மாணவர், பள்ளியில் தாம் கையாண்ட திருகு அளவி 'மைக்ரோமீட்டர்' எனவும், மீச்சிற்றளவு 'லீஸ்ட் கவுன்ட்' எனவும் வழங்கக் கேட்டு, படித்தது வேறோ எனத் திகைக்கிறார்.

இதற்காகப் பட்டறைச் சொல்லைப் பழிப்பது முறையன்று. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுவோர் ஒரே இயந்திரத்தைச் சூழ்ந்து நிற்கும் எல்லையூர் அது. அவர்களுக்குப் பொதுச்சொல் வேண்டும். 'வெர்னியர்' என்பதோ 1631இல் அவ்வளவுகோலை விளக்கி எழுதிய பிரெஞ்சு அறிஞர் பியர் வெர்னியரின் பெயர். ஆட்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

ஆயினும் தமிழ்ச்சொல்லைப் பாடநூலோடு விட்டுவிட நான் உடன்படேன். காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. 'புரி' என்னும் சொல்லைக் காண்க. கயிற்றின் முறுக்கும் புரி. திருகின் வரையும் புரி. புரியிடைத் தூரம் 1 மி.மீ. எனின், திருகு ஒருமுறை சுழல அவ்வளவே முன்னேறும் என்பது சொல்லிலேயே புலனாகிறது. அச்சுற்றை 100 பிரிவுகளாக்கினால் ஒரு பிரிவு 0.01 மி.மீ. கருவி காட்டவல்ல மிகச் சிறிய அளவு அதுவே, ஆகவே மீச்சிற்றளவு. வாய்பாட்டை மறந்தவரும் சொல்லைப் பிரித்து அதனை மீட்டுக்கொள்ளலாம். 'தலைக்கோல் ஒன்றிப்பு' போன்ற ஆக்கங்கள் அவ்வளவு கைகொடுப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொருள் விளங்காதவர் எண்ணை மட்டும் படிப்பார். இரு முகங்களும் ஒட்டி நிற்கையில் சுழியைக் காட்டாத கருவி, அளக்கும் ஒவ்வொரு பொருளிலும் அதே பிழையை ஏற்றும். சுழிப்பிழையைத் திருத்தாது விட்டால் நூறு அச்சுகள் கழிவுக்குப் போகும். வெப்பமும் அளவை மாற்றும். நீள அளவீட்டுக்கு உலகம் ஏற்ற வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும், திருகு அளவியில் முழுதாய் ஒரு பிரிவு! கடைந்த சூட்டோடு அளக்காதே என்று மூத்த தொழிலாளர் தடுப்பது இதனால்தான். குளிர்ந்த ஊராகிய ஓசூரும் இதற்கு விலக்கன்று.

பள்ளி ஆய்வகத்திலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் கருவிப் பெட்டியின் மூடியில் 'திருகு அளவி – மைக்ரோமீட்டர்' என இரு பெயரையும் சேர்த்தெழுதி ஒட்டலாம். நம் 'அளவு' கன்னடத்தில் 'அளதெ'; வேர் ஒன்றே. ஓசூரில் ஒட்டும் தாளில் மூன்றாவது பெயருக்கும் இடம் விடலாம்.