சிலுவைப் படமும் சிந்திய கண்ணீரும்

சினிமா என்பது தோன்றிய காலந்தொட்டே ஏசுவைச் சிலுவையில் அறைவது மட்டும் ஓயவேயில்லை. 1912-ல் அமெரிக்கர்கள் பாலஸ்தீனத்துக்கே போய்ப் படமெடுத்தார்கள். 1927-ல் செசில் டிமில் எடுத்தார். 1964-ல் கடவுள் நம்பிக்கையில்லாத பசோலினிகூட இத்தாலியில் ஒன்று எடுத்தார். அது யோக்கியமான படமென்றே சொல்லுவோம். ஆனால் 2004-ல் சாம்பல் புதனன்று மெல் கிப்சன் வெளியிட்ட ‘பாஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ என்பதைப் பற்றித்தான் இங்கு சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம். சுமார் 3 கோடி டாலர் போட்டு, உலக முழுவதும் 60 கோடி டாலருக்குமேல் வசூலான படம் அது. சபை சபையாகக் கொட்டகையையே வாடகைக்கெடுத்து, பக்தர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

அப்படி எதைக் காட்டினார்கள்? அடியைக் காட்டினார்கள். முதலில் பிரம்பு, பிறகு முள் வைத்த சவுக்கு, தோல் கிழிவது, சதை பிய்வது, தரையெல்லாம் இரத்தம் என்று நிமிஷக் கணக்கில் ஓடுகிறது. சரி, வேதத்தில் எவ்வளவு இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால், மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் ஆளுக்கொரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். லூக்காவிலோ தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்லும் பேச்சிருக்கிறதேயொழிய, அடித்த சங்கதியே கிடையாது. பின்னை இவ்வளவு இரத்தம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் படுத்த படுக்கையாய்க் கிடந்த எம்மெரிக் என்னும் கன்னிகாஸ்திரீ கண்டதாகச் சொன்ன தரிசனங்களை, பிரெண்டானோ என்ற கவி எழுதிவைத்து 1833-ல் அச்சுப்போட்டார். அந்தப் புஸ்தகத்திலிருந்துதான் படத்துக்குப் பல காட்சிகள் வந்தன. நம் ஊர்ப் புராணிகன் ஒரு சுலோகத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கதை சொல்லுவது போலத்தான்.

நிற்க. சிலுவை என்பது ரோமாபுரி சர்க்காரின் தண்டனை. ஆணியடித்தது ரோமச் சிப்பாய். உத்தரவிட்டது ரோம அதிகாரி பிலாத்து. அந்தப் பிலாத்தின் கொடுமையை அக்காலத்து யூத ஆசிரியரான ஃபிலோ எழுதி வைத்திருக்கிறார். சமாரியர்களை வெட்டிச் சாய்த்ததற்காகவே பிலாத்து வேலையிழந்தாரென்று ஜோசிபஸ் எழுதுகிறார். படத்திலோ அவர் மனமுடைந்து தவிக்கிற தருமவான்! பழி முழுவதும் யூதர் தலையில். இரத்தப் பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் என்று யூதர்கள் கத்தியதாக மத்தேயு ஒருவர் மட்டும் எழுதிய வார்த்தையைப் படத்தில் அரமேய பாஷையில் அப்படியே வைத்துக்கொண்டு, கண்டனம் கிளம்பியதும் கீழே ஓடும் மொழிபெயர்ப்பை மாத்திரம் எடுத்துவிட்டார்கள். என்ன சாமர்த்தியம்! 1634 முதல் பவேரியாவின் ஓபராம்மர்காவ் கிராமத்தில் நடந்துவரும் பாடு நாடகத்தை 1934-ல் ஹிட்லர் போய்ப் பார்த்தார். அதற்கடுத்த பத்துப் பதினோரு வருஷங்களில் யூதருக்கு நேர்ந்தது உலகறிந்தது. எல்லா யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக்கூடாதென்று வாட்டிகன் சபை தீர்மானம் செய்ததோ 1965-ல்.

இனி, பலி என்பதைப் பார்ப்போம். சர்வ வல்லமையும் சர்வ தயையுமுள்ள கடவுளுக்கு மனிதனை மன்னிக்க மனமிருந்தால் மன்னித்துவிட்டுப் போகலாமே? தம் சொந்த மகனைத் துடிக்கத் துடிக்கக் கொன்று, அந்த இரத்தத்தைப் பார்த்தால்தான் கோபம் தீருமென்றால், கெடா வெட்டக் கேட்கும் நம் எல்லைச்சாமியைவிட இவர் எந்த விதத்தில் உயர்த்தி? அடிபட்ட மனிதர்மேல் நமக்குக் கோபமேதுமில்லை, பரிதாபமே. ஆனால் வாய் திறவாமல் அடிபடுவதே பெரிய புண்ணியம் என்று காட்டினால், கூலி கேட்டு அடிபடுகிறவன் என்ன பாடம் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவான்? அடித்தவன் கையை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பானா, தன் முதுகைத் தடவிக்கொண்டு மோட்சத்தை நினைப்பானா?

கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளை அடக்கிய ரோமர்கள், பிடிபட்ட சுமார் 6000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். அதே சிலுவை, அதே ஆணி. இவர்களுக்குக் கோயிலில்லை, பண்டிகையில்லை. 1960-ல் குப்ரிக் இக்கதையைப் படமாக்கினார், நல்ல படம். ஆனால் அதிலும் பாருங்கள், போர்க்களத்தில் செத்ததாகச் சரித்திரம் சொல்லும் ஸ்பார்ட்டகஸையே கொண்டுவந்து சிலுவையில் ஏற்றிவிட்டார்கள். அவர் காலடியில் மனைவி கைக்குழந்தையோடு நின்று அழுகிறாள். மற்ற ஆறாயிரம் பேரும் சாலையோரத்துத் தந்திக் கம்பங்கள் மாதிரி வரிசையாய் நிற்கிறார்கள்.