புற்று மண்ணும் புஞ்சை மண்ணும்

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு பார்க்கச் செல்லும் அன்பர்கள் ஸ்ரீ சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசித்து, புற்று மண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். மண்ணையே மருந்தாகப் போற்றும் ஸ்தலம் அது. ஆனால் ஊரை விட்டு நாலு மைல் சென்றால் காணப்படும் புஞ்சை மண்ணுக்கு அத்தகைய மரியாதை நடக்கிறதா என்று கேட்டால், பதில் சொல்வது சிரமந்தான்.

மேற்கே மலை தெரிகிறது. ஆனால் தென்மேற்குப் பருவ மழையில் பெரும் பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கரிசல் குடியானவர் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் சோளமும் விதைக்கிறார். மழை பொய்த்தால் பயிர் போகிறது. ஆனால் உரக்கடையில் வாங்கிய கடன் மட்டும் போவதில்லை! மானாவாரி நிலத்தில் ரஸாயன உரம் போடுவது பாதி விவசாயம், பாதி சூதாட்டம்.

இந்த உண்மையை அருகிலுள்ள கோவில்பட்டியிலேயே ஒருவர் கண்டார். அங்குள்ள விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் 1963 முதல் 1969 வரை பணியாற்றிய ஸ்ரீ நம்மாழ்வார், விலையுயர்ந்த இடுபொருள்களைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படாது என்று கண்டு உத்தியோகத்தை விட்டார். 2013-ல் காலமாகும் வரை ஊர் ஊராகச் சென்று இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசினார்.

இதில் ஆரோக்கியம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நமக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் ரஷ்யா, கனடா முதலிய தேசங்களிலிருந்து கப்பலில் வருகிறது. அதற்குக் கொடுக்கும் ரூபாய் கிராமத்தை விட்டுப் போனது போனதுதான். குளத்துக் கரம்பையை அள்ளி வயலில் அடித்தால், வண்டிக்காரருக்கும் கூலியாளுக்கும் வேலை கிடைக்கிறது, குளமும் ஆழமாகிறது. ஆட்டுக்கிடை போட்டால் கீதாரிக்கு வரும்படி உண்டாகிறது. கொளுஞ்சியும் எருக்குழியும் காசு கேட்பதில்லை. ஒரே ரூபாய் ஊருக்குள்ளேயே நாலு கை மாறுகிறது. கிராம புனருத்தாரணம் என்பதற்கு இதைவிட எளிய அர்த்தம் நாம் அறியோம்.

1945-ல் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி நூல் எழுதிய ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர் தமது கடைசிக் காலத்தைக் கழித்த தே. கல்லுப்பட்டி இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோ, நம் குடியானவர்களையே தமது ஆசான்களாகக் கொண்டு, இந்தூரில் மக்கு எரு தயாரிக்கும் முறையை வகுத்து உலகத்துக்கு அளித்தார்.

"அப்படியானால் நாளைக்கே ரஸாயன உரத்தைத் தடை செய்யலாமே?" என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. 2021-ல் இலங்கை சர்க்கார் ரஸாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது, அவ்வருஷம் நவம்பரிலேயே தடையை வாபஸ் வாங்க நேர்ந்தது. சிக்கிம் ராஜ்யமோ 2003-ல் தீர்மானித்து, படிப்படியாக நடந்து, 2016-ல்தான் தன்னை முழு இயற்கை விவசாய ராஜ்யமாக அறிவித்தது. அதுவும் முன்பே ரஸாயன உரம் குறைவாக உபயோகித்த மலைநாடு. உரத்துக்குப் பழகிய மண் திருந்துவதற்கு அவகாசம் வேண்டும்.

கஷ்டமெல்லாம் அந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறையலாம். களையெடுக்கும் கூலி ஏறும். 'இயற்கை விளைபொருள்' என்ற சான்றிதழும் இன்னும் கைக்கு வந்திராது. பெரிய பண்ணைக்காரர் இதைத் தாங்குவார். மூன்று ஏக்கர்க்காரர் எப்படித் தாங்குவார்? தனியாக நின்றால் முடியாது. சேர்ந்து நின்றால் முடியும். ஐந்து பேராவது கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று கூறும் முறை ஒன்று இப்போது அமலில் இருக்கிறது. அயலூர் அதிகாரிக்குக் கட்டும் பெருந்தொகை இதனால் மிச்சம். உளுந்தை ஊரிலேயே உடைத்து, எள்ளை ஊரிலேயே ஆட்டி விற்றால், தரகருக்குப் போகும் லாபத்திலும் ஒரு பங்கு ஊரில் தங்கும். பக்கத்துப் புளியங்குடியின் எலுமிச்சைக்கு ஊர்ப் பெயரே மதிப்பாகிவிட்டதல்லவா? கரிசல் உளுந்துக்கும் அந்த யோகம் வரக்கூடாதா?

இங்கேதான் பட்டணத்துக் குடும்பங்களின் கடமை வருகிறது. சான்றிதழ் வந்தபின் கண்ணாடி அலமாரிக் கடையில் இரட்டை விலை கொடுப்பதைக் காட்டிலும், சான்றிதழ் வராத அந்த வருஷங்களில் நேரே விவசாயிகள் சங்கத்திடம் நியாய விலைக்கு வாங்குவது பெரிய உதவி. பத்துக் குடும்பங்கள் கூடி வருஷத்துக்கு வேண்டிய பருப்பை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பருப்பு சற்று மங்கலாக இருக்கும். இரண்டொரு சொத்தையும் இருக்கும். முறத்தை எடுத்துப் புடைத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் பாட்டிமார்கள் செய்யாத காரியமா, என்ன?