சுண்டெலிக்குப் பூர்வீகம் எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

மயிலாப்பூரில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு அப்பாவும் நானும் பார்க்கப் போனோம். அப்பா தியாகராய நகரில் மளிகைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அடையாற்றில் வீட்டு வேலை செய்கிறார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரர் கேட்டார்: "பூர்வீகம் எது? நீங்க என்ன ஆளுங்க?"

அப்பா சொன்னார். "சரி, சொல்லி அனுப்புறேன்" என்றார் அவர். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

நாங்கள் நின்றிருந்தபோதே தாழ்வாரத்தில் ஒரு சுண்டெலி ஓடி, நேரே அவர் அடுக்களைக்குள் புகுந்தது. அதனிடம் யாரும் பூர்வீகம் கேட்கவில்லை!

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? விலங்கியல் மாணவன் என்ற முறையில் அதன் சார்பில் நான் பதில் சொல்கிறேன்.

வீட்டுச் சுண்டெலியின் அறிவியல் பெயர் மஸ் மஸ்குலஸ். இதில் மூன்று முக்கியத் துணையினங்கள் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் டொமெஸ்டிகஸ். கிழக்கு ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் மஸ்குலஸ். நம் வீடுகளில் காஸ்டேனியஸ். இந்த இனத்தின் தாயகம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியும் அதை ஒட்டிய நிலங்களும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவை பிரிந்தன. மனிதன் தானியம் சேர்த்தான். எலி அவனோடு குடியேறியது. அவன் மூட்டையிலும் கப்பலிலும் ஏறி உலகைச் சுற்றியது. பிரிந்தவை மீண்டும் சந்தித்தன, கலந்தன. ஜப்பானின் சுண்டெலி, மஸ்குலஸும் காஸ்டேனியஸும் கலந்து உருவானதே.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உலக ஆய்வுக்கூடங்களில் புகழ்பெற்ற 'சி57 பிளாக் 6' என்னும் கறுப்பு எலியை 'தூய வழி' என்பார்கள். 1921இல் அமெரிக்காவில் சி.சி. லிட்டில் உருவாக்கிய வழி அது. உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்த்தார்கள். 2002இல் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டதும் இதற்குத்தான். ஆனால் அதன் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மேற்கு ஐரோப்பிய எலியுடையது. தந்தைவழி ஒய் குரோமோசோம் ஜப்பானிய எலியுடையது! தூய்மை என்று நாம் பெயரிட்டது கலப்பில் பிறந்தது. அந்தத் தூய்மையைக் காக்கவும் ஒரு கூண்டு வேண்டியிருக்கிறது.

கலப்பு எப்போதும் நன்மையே என்று வாதிட நான் வரவில்லை. டென்மார்க்கிலிருந்து பல்கேரியா வரை இரு துணையினங்கள் சந்திக்கும் எல்லையில் பிறக்கும் கலப்பு ஆண் எலிகள் பலவற்றுக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு. ஆனால் அவை லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்த துணையினங்கள். மனிதருக்குள் அப்படிப்பட்ட பிரிவு ஏது?

ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இன்றைய இந்தியச் சமூகங்களில் மிகப் பெரும்பாலானவை இரு பழைய மக்கள்தொகைகளின் கலப்பு என்றது அது. அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று 2013இல் அடுத்த ஆய்வு கூறியது. அதற்குப் பிறகே அகமணம் இறுகியது. அதாவது, கூண்டு பின்னால் வந்தது!

நண்பர்களே, வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. முதலாண்டில் பக்கத்தில் அமர்ந்த தோழனிடம் "நீ என்ன ஆளு?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அன்று அவன் முகம் போன போக்கை, மயிலாப்பூரில் அப்பாவின் முகத்தில்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். நான் கற்ற விலங்கியலுக்கு ஒரு பயன் உண்டென்றால், அந்தக் கேள்வியை இனி நான் கேட்கப் போவதில்லை. நீங்கள்?